பின்கதவும் கொக்கியும்: அல்சூர் பந்தல் வண்டியில் நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு பதினொன்றே கால். பெங்களூர் அல்சூரில் ஒரு மாரியம்மன் கோயில் சந்து. கூழ் ஊற்றி முடிந்து, ஆட்டம் பாட்டமும் அடங்கி, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிக்கப், அதன் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய ட்ரெய்லர். சந்து குறுகல் என்பதால் ட்ரெய்லரைக் கழற்றவில்லை. பிக்கப்பின் பின்கதவைக் கீழே இறக்கி, அதன் மேல் இரண்டு பையன்கள் நின்று, தரையிலிருந்து தூக்கிக் கொடுத்த பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸை வாங்கினார்கள். இடது பக்கச் சங்கிலியின் கொக்கி பிரிந்தது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பையன் தாவிவிட்டான். இன்னொருவனின் வலது கால் ட்ரெய்லரின் இழுவைச் சட்டத்துக்குள் இறங்கியது; அதன் மேலேயே பாக்ஸும் விழுந்தது. கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அவன் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், வயது இருபத்திரண்டு.

வண்டி என் பெரியம்மா மகனுடையது. பந்தல், லைட், சவுண்டு, ஜெனரேட்டர் வாடகை என்று அவர் அல்சூரில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறார். நான் பீன்யாவில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "கொக்கிதான் போச்சு, வேற நல்லதா ஒண்ணு போட்டுக் குடுடா" என்றார். அண்ணனிடம் ஒரு வாரம் கேட்டேன். ஏனென்றால் அந்த வண்டியில் ட்ரெய்லர் இழுக்கும் கொக்கியைப் பொருத்தியதே என் பட்டறைதான். ஐந்து வருடத்துக்கு முன்பு செய்தது. எதை இழுக்கப் போகிறார்கள், அதை மாட்டிய பிறகு பின்கதவு எங்கே வந்து நிற்கும் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்தில் தொடங்கி அடுத்த சில மாதங்கள் நாங்கள் அளந்ததும், ஒப்பிட்டதும், முடிவு செய்ததும்தான் இது. பந்தல் தொழில், சவுண்டு தொழில், தண்ணீர் ட்ரெய்லர், கான்கிரீட் மிக்ஸர் இழுக்கும் தொழில் என்று பிக்கப்பின் வாலில் எதையாவது மாட்டும் எல்லோருக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

வண்டியின் பின்னால் ஒரு மீட்டர்

முதலில் வண்டியையும் ட்ரெய்லரையும் விபத்து நடந்த நிலையில் மறுபடி சேர்த்து மாட்டினோம். அப்புறம் டேப் எடுத்தோம்.

பிக்கப்பின் தளம் தரையிலிருந்து 78 சென்டிமீட்டர். பின்கதவின் உயரம் 45 சென்டிமீட்டர். அதாவது கீழே இறக்கினால் வண்டிக்குப் பின்னால் 45 சென்டிமீட்டர் நீளும். தளத்தின் பின்விளிம்பிலிருந்து ஜெனரேட்டர் கூண்டு வரை 105 சென்டிமீட்டர். இந்த 105 சென்டிமீட்டரில்தான் ட்ரெய்லரின் முக்கோணச் சட்டம் படுத்திருக்கிறது. சட்டத்தின் இடது கையில் ஜாக்கி. ஜாக்கியின் கைப்பிடி உச்சி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். கதவு படுக்கும் உயரத்தைவிட 12 சென்டிமீட்டர் அதிகம்.

ஆக, ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போது பின்கதவை முழுக்க இறக்கவே முடியாது. இடது மூலை ஜாக்கியில் இடிக்கும். கதவின் வெளிப்பக்கத்தில் பழைய இடிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கட்டத்தில் யாரோ சமயோசிதமாக இடது சங்கிலியை மூன்று கண்ணி ஏற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ஜாக்கியைத் தொடாமல் சற்றுத் தூக்கலாக நின்றது. வலது சங்கிலியை யாரும் தொடவில்லை. அது தொளதொளவென்று தொங்கியது.

கொக்கி பிரிந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. கணக்கை எளிதாகவே போடலாம். சங்கிலி கதவின் வெளிவிளிம்பில் மாட்டப்படவில்லை, பாதியில், கீலிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டரில் மாட்டியிருந்தது. மேல்முனை பக்கச் சுவரில், தளத்துக்கு மேல் அதே அளவு உயரத்தில். பையன்கள் இருவரும் எழுபது எழுபது கிலோ, பாக்ஸ் தொண்ணூறு. மொத்தம் 230 கிலோ, அத்தனையும் கதவின் வெளிவிளிம்பில். விளிம்பில் உள்ள எடையைப் பாதித் தூரத்தில் பிடித்தால் இரண்டு மடங்கு விசை வேண்டும். சங்கிலி சாய்வாக இழுப்பதால் இன்னும் கூடும். கதவு சமமாகப் படுத்து, இரண்டு சங்கிலியும் சமமாகப் பங்கு போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 325 கிலோ. ஒரே சங்கிலி, கதவு சற்றுத் தூக்கலாக இருந்த நிலையில், சுமார் 550 கிலோ. பாக்ஸைத் தொப்பென்று வைத்த நொடியில் இது இரட்டிப்பாகியிருக்கும், ஒரு டன்னைத் தாண்டியிருக்கும். எட்டு மில்லிமீட்டர் கம்பியை வளைத்துச் செய்த, வாய் திறந்த கொக்கி அது. பிரிந்ததில் வியப்பில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் "பெரிய கொக்கி போடு" என்று அண்ணன் சொன்னதே சரியாகியிருக்கும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பையன்கள் ஏன் கதவின் மேல் நின்றார்கள்? பின்கதவு ஆள் நிற்கிற மேடை இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். குடோனில் ஏற்றும்போது ஒருவன் தளத்தில், ஒருவன் தரையில் என்றுதான் நிற்பார்கள்.

கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அந்தத் தம்பி சொன்னான்: "கீழ நிக்க எடம் எங்கண்ணா? கால் வெக்கிற எடத்துல ட்ரெய்லர் கம்பி. ரெண்டு கம்பிக்கும் நடுவுல நின்னா பாக்ஸைத் தூக்க முடியாது. அதான் கதவு மேல ஏறிட்டோம்."

அவன் சொன்னதுதான் மூல காரணம். ட்ரெய்லர் தரையை எடுத்துக்கொண்டது. அதனால் கதவு தரையாகிவிட்டது. பாடி கட்டியவர் கதவை மட்டும் பார்த்தார். நான் ட்ரெய்லர் இழுக்கும் கொக்கியை மட்டும் பார்த்தேன். ட்ரெய்லர் செய்தவர் ஜாக்கியை அவருக்கு வசதியான இடத்தில் வைத்தார். மூன்றையும் ஒரே தாளில் யாரும் வரையவில்லை.

எடை மேடையில்

இழுக்கும் சங்கதியையும் விட்டுவைக்கக் கூடாது என்று, ட்ரெய்லரைத் தனியாகவும் பிக்கப்பைத் தனியாகவும் எடை போட்டோம். 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர், டீசல், கேபிள் சுற்றிய டிரம், சட்டம் எல்லாம் சேர்த்து ட்ரெய்லர் 1,180 கிலோ. அதற்குப் பிரேக் கிடையாது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸுக்கு 3,500 கிலோ இழுவை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே வண்டிக்குப் பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அங்கேயும் 750 கிலோதான். எஞ்சின் அதே எஞ்சின்தான், எண் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. இழுவைத் திறன் என்ற சொல்லில் நிறுத்தும் திறன் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

சுமையோடு பிக்கப் 2,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், நன்றாக அழுத்திப் பிடித்தால் 12 மீட்டரில் நிற்கிறது. பின்னால் 1,180 கிலோ சும்மா தள்ளிக்கொண்டு வந்தால், அதே பிரேக் விசைக்கு 17 மீட்டருக்கு மேல் ஆகும். அந்த ஐந்து மீட்டரில் ஓசூர் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும்.

அடுத்தது மூக்கு எடை. ட்ரெய்லரின் முன்முனை வண்டியின் கொக்கியில் எவ்வளவு எடையை வைக்கிறது என்பது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து, மேலே ஒரு மரக்கட்டை வைத்து, அதில் ட்ரெய்லரின் மூக்கை இறக்கினோம். 52 கிலோ காட்டியது. மொத்த எடையில் நாலரை சதவீதம்கூட இல்லை. அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வரை வைக்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10 சதவீதம் பொதுவான கணக்கு. மூக்கு எடை குறைந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் வளரும். டிரைவர் ஒரு வருடமாகவே, "சந்தாபுரம் தாண்டி பஸ் ஓவர்டேக் பண்ணா வால் ஆடுதுண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். டயரில் காற்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

காரணம் எழுபது கிலோ கேபிள் டிரம். எடுக்க வசதியாக ட்ரெய்லரின் கடைசியில் வைத்திருந்தார்கள். அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் இருந்ததை 60 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினோம். மூக்கு எடை 100 கிலோ வந்தது. மறுநாள் டிரைவர் அத்திப்பள்ளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டம் நின்றுவிட்டது என்றார். ஒரு ரூபாய் செலவில்லை.

ஆனால் அந்த 100 கிலோ பிக்கப்பின் சுமைக் கணக்கில் ஏறுகிறது. பலர் தவறவிடும் இடம் இது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி மூக்கில் வைத்த 100 கிலோ, பின் அச்சில் 140 கிலோவாக உட்காரும். முன் அச்சிலிருந்து 40 கிலோவைத் தூக்கிவிடும். திறந்த பின்கதவின் மேல் வைக்கும் சுமையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பின்கதவும் கொக்கியும் ஒரே நெம்புகோலின் ஒரே பக்கத்தில் தொங்குகின்றன.

எல்லாவற்றையும் கூட்டினோம். அண்ணன் வண்டி 1,300 கிலோ ஏற்றலாம். பந்தல் சாமானும் சவுண்டும் 1,150. மூக்கு எடை 100. கேபினில் மூன்று ஆள், 210. மொத்தம் 1,460. அனுமதியைவிட 160 கிலோ அதிகம். இருபது வருடத் தொழிலில் ஆள் எடையை யாரும் சுமையாக எண்ணியதே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். அதைவிட என்னைப் பயமுறுத்தியது, பிரேக் இல்லாத ட்ரெய்லரும் முன்பாரம் குறைந்த ஸ்டியரிங்கும் சேர்ந்து இத்தனை நாள் ஓடியது.

வெளிநாட்டுக் கதவுகள்

அண்ணனுக்குப் புது வண்டி வாங்கும் எண்ணம் ஏற்கெனவே இருந்தது. அவர் மகன் பி.இ. இரண்டாம் ஆண்டு. அமெரிக்க பிக்கப் வீடியோக்கள் எல்லாம் பார்த்து வைத்திருந்தான். "சித்தப்பா, அங்கெல்லாம் இந்தப் பிரச்சனையை எப்பவோ தீர்த்துட்டாங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால் உட்கார்ந்து முறையாக ஒப்பிட்டோம்.

பிக்கப்பின் பின்கதவு ரொம்பப் பழைய சங்கதி. 1925இல் ஃபோர்டு தன் மாடல் டி காரில் பிக்கப் பாடி வைத்து 281 டாலருக்கு விற்றபோதே மடக்கி இறக்கும் பின்கதவு இருந்தது. அதன் பிறகு எண்பது வருடம் பெரிய மாற்றமில்லை: கீழே கீல், மேலே தாழ்ப்பாள், பக்கத்துக்கு ஒரு சங்கிலி அல்லது கம்பி வடம். 2006 மாடல் ஹோண்டா ரிட்ஜ்லைன் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதன் பின்கதவு கீழேயும் இறங்கும், வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டிலும் திறக்கும். ஃபோர்டு கொஞ்ச காலத்தில் பின்கதவுக்குள்ளேயே இழுத்து நீட்டும் படி ஒன்றை வைத்தது, பிடித்து ஏற ஒரு கைப்பிடியோடு.

2019 மாடல்களில் போட்டி சூடுபிடித்தது. ஜி.எம்.சி. சியரா வண்டியில் கதவுக்குள் இன்னொரு கதவு. உள்கதவு மட்டும் தனியாக மடங்கும். ஒரு நிலையில் அது படியாகும், ஒரு நிலையில் நீளமான சுமை நழுவாமல் தடுக்கும், ஒரு நிலையில் வேலை மேசையாகும். ஆறு விதமாக நிற்கும். பையனுக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் கேள்விக்கு அது சரியாக வரவில்லை. ட்ரெய்லர் வந்து உட்காரும் இரும்பு உருண்டையைக் கொக்கியில் மாட்டி வைத்துவிட்டு உள்கதவைத் திறந்தால், அது உருண்டையில் போய் இடிக்கும். அல்சூரில் ஜாக்கியில் இடித்த அதே பிரச்சனை. எத்தனை கோடி செலவழித்து வடிவமைத்தாலும் கதவும் கொக்கியும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்பதை அந்தக் கதவு எனக்கு உறுதி செய்தது.

ராம் 1500 வேறு வழியில் போனது. பின்கதவை 60க்கு 40 என்று நிற்க வைத்துப் பிளந்தார்கள். இரண்டு பாகமும் பீரோக் கதவு போலப் பக்கவாட்டில் 88 டிகிரி திறக்கும். வேண்டுமென்றால் ஒன்றாகச் சேர்ந்து கீழேயும் இறங்கும். 2024இல் ஃபோர்டு எஃப்-150க்கு இன்னும் நெருக்கமான பதில் கொடுத்தது. பின்கதவின் நடுப்பாகம் மட்டும் ஒரு சிறு கதவாகப் பக்கவாட்டில் திறக்கும். 37 டிகிரி, 70 டிகிரி, 100 டிகிரி என்று மூன்று இடத்தில் நிற்கும். ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போதும் அந்த 37 டிகிரியில் திறந்து உள்ளே போகலாம். நான் பார்த்தவற்றில் ட்ரெய்லரை மனத்தில் வைத்தே வரைந்த கதவு இதுதான். மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, இதையே நம் வண்டியில் செய்தால்? எங்கள் தளத்தின் அகலம் 170 சென்டிமீட்டர். இரட்டைக் கதவாகப் பிளந்தால் ஒவ்வொன்றும் 85. ஜெனரேட்டர் கூண்டு 105இல் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் இடைவெளியோடு கதவு திரும்பிவிடும். ஜாக்கியை மட்டும் குட்டையாக மாற்ற வேண்டும். நானே செய்து கொடுக்கலாம் என்று ஒரு மாலை முழுக்கப் படம் போட்டேன்.

படத்தில் ஆளை வரைந்ததும் அது நின்றுபோனது. கதவு திறந்துவிட்டது, சரி. தொண்ணூறு கிலோ பாக்ஸைத் தூக்குபவன் எங்கே நிற்பான்? அதே முக்கோணச் சட்டத்துக்குள். எஃப்-150 ஓட்டுபவர் அந்தச் சின்னக் கதவு வழியே ஒரு கருவிப்பெட்டியை எடுக்கிறார். அதற்கு அது அருமையான கதவு. எங்கள் வேலை அது இல்லை.

இழுவையிலும் இதே கதைதான். அமெரிக்க எண்கள் தலை சுற்ற வைக்கும். 2024 எஃப்-150 சரியான எஞ்சினோடு வாங்கினால் 13,500 பவுண்டு, ஆறு டன்னுக்கு மேல் இழுக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற சோதனை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 11.4 மைல் நீள மலையேற்றத்தில், சராசரி 5 சதவீத ஏற்றம், கொளுத்தும் வெயிலில் ஏ.சி.யை முழுக்க வைத்து, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்ப வேண்டும், முன்னாலும் பின்னாலும். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. நம் ஊர் பிக்கப் விளம்பரத் தாளில் எத்தனை டன் ஏற்றலாம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எவ்வளவு இழுக்கலாம் என்ற வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வரியைக் கேட்காமல் கொக்கி போடக் கூடாது என்பது இப்போது என் பட்டறையின் முதல் விதி.

இங்கே கிடைப்பதில் எதை எடுப்பது

மகனின் ஆசை ஹைலக்ஸ். 2022இல் இந்தியாவுக்கு வந்தது. 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இழுக்க அதை மிஞ்ச இங்கே ஆளில்லை. இசுசு வி-கிராஸும் இந்த வகைதான், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது, 360 நியூட்டன் மீட்டர். இரண்டுக்கும் நாலு கதவுக் கேபின். அதனால் பின்தளம் ஐந்தடி சொச்சம். பத்தடிக் குழாய் வைத்தால் பாதி வெளியே நிற்கும். பின்கதவை இறக்கிவிட்டுக் குழாயை நீட்டிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். ஆனால் சட்டத்தில் வெளியே நீளும் சுமைக்கும் 20,000 ரூபாய் அபராதம், அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். பின்னால் ட்ரெய்லர் வேறு இருந்தால், வளைவில் திரும்பும்போது நீட்டிய குழாய் ஜெனரேட்டர் கூண்டில் குத்தும். விலையும் அதிகம். அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கல்யாணத்துக்கு வேணா அதுல போலாம், கல்யாணப் பந்தலை அதுல கொண்டு போக முடியாது."

டாடா ஏஸ், நம் எல்லோருக்கும் பழகின குட்டியானை, 2005இல் வந்தபோது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். அது சந்துக்குள் நுழைவதற்குப் பிறந்த வண்டி; 1,180 கிலோவை இழுக்க அதைக் கேட்கவே கூடாது. அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மிச்சமிருந்தது பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வேலைக்கார வண்டிகள். முறுக்கு விசையில் இந்த வகை ஹைலக்ஸின் பாதியைத் தொட்டால் அதிகம். பொலேரோ பிக்கப்பில் 200 நியூட்டன் மீட்டர் அளவுதான். ஆனால் எங்கள் வேலை நகரத்துக்குள், நாற்பது ஐம்பது வேகத்தில். எட்டு சதவீத மேட்டில் ட்ரெய்லர் கூடுதலாகக் கேட்பது 94 கிலோ விசை. முதல் கியரில் அது பெரிதில்லை. கிளட்சை எரிக்காமல் கிளம்பத் தெரிந்த டிரைவர் வேண்டும், அவர் எங்களிடம் இருக்கிறார். இழுவை இந்தத் தேர்வில் முதல் கேள்வியே இல்லை என்று அப்போது புரிந்தது. தளமும் கதவும்தான் முதல் கேள்வி.

இந்த வகையில் இரண்டு விதமான பாடி வருகிறது. பக்கச் சுவர் உயரமாக, நகராமல், பின்கதவு மட்டும் இறங்குவது ஒன்று. எங்கள் பழைய வண்டி அப்படி. மூன்று பக்கமும் கீல் வைத்து, இடது, வலது, பின் எல்லாமே இறங்கும் தட்டையான தளம் இன்னொன்று. ஷோரூமில் அந்த இரண்டாவது வண்டியின் இடது பக்கக் கதவை இறக்கிவிட்டு நான் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். ட்ரெய்லர் பின்னால் இருக்கட்டும். ஆள் பக்கத்தில் நிற்பான். காலடியில் கம்பி இல்லை, தலைக்கு மேல் ஒன்றுமில்லை, நீளம் முழுக்கத் திறந்திருக்கிறது. அமெரிக்கக் கார்க் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டில் ஆறு விதமாக மடக்கித் தேடிய பதில், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற சாதாரண வண்டியில் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும். அந்தப் பையனின் கால் நினைவுக்கு வந்தது.

பழைய வண்டியின் பாடியையே அப்படி மாற்றிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. கம்பெனியே மூன்று பக்கம் திறக்கும்படி கொடுக்கும் 1.7 டன் வண்டியை எடுத்தோம். 1,460 கிலோ இப்போது வரம்புக்குள் வந்துவிட்டது.

ட்ரெய்லரையும் மாற்றினோம். ஜெனரேட்டர் பழையது, கீழ்ச்சட்டம் புதியது. வண்டி பிரேக் பிடித்ததும் ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையையே கொண்டு அதன் சக்கரத்தில் பிரேக் விழும் அமைப்பு இதில் உண்டு. ஜாக்கி பக்கவாட்டில் சுற்றும் வகை, கைப்பிடி தளத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணை ட்ரெய்லரின் முதுகில் எழுத வேண்டும். பழையதில் எழுதவே இல்லை. இப்போது மஞ்சளில் பளிச்சென்று இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து

முதல் வாரம் பையன்கள் திட்டினார்கள். பின்பக்கம் ஏற்றிப் பழகிய கைகள். நாற்பது நிமிடத்தில் ஏற்றுவது ஐம்பத்தைந்து ஆனது. சாமானை அடுக்கும் வரிசையே மாற வேண்டியிருந்தது: முன்பு கடைசியில் இறங்குவது முதலில் உள்ளே போகும், இப்போது கனமான பாக்ஸ்கள் அச்சுக்கு நேர் மேலே, குழாய்கள் வலது பக்கம், துணி மூட்டை ஓரத்தில். ஒரு மாதத்தில் முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். பாக்ஸ்களுக்கு அடியில் சக்கரப் பலகை போட்டோம், தூக்குவது குறைந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அல்சூர் பஜார் தெருவில் இடது பக்கம் வரிசையாக ஸ்கூட்டர் நிற்கிறது. கதவு இறங்க அரை மீட்டர் இடம் கேட்கிறது. இரண்டு முறை வலது பக்கம், வண்டிகள் போகும் பக்கம், திறந்து ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒரு பையன் முன்னாலேயே போய்ப் பத்தடிக்கு இடம் பிடித்து இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறான். நடைபாதை உயரமாக இருக்கும் இடங்களில் கதவின் விளிம்பு அதன் மேல் உரசுகிறது. மூன்று பக்கமும் கீல் என்பதால் வெறும் வண்டி ஓடும்போது கடகடவென்று சத்தம். மூலைத் தூண்களின் ஊசிகளில் ரப்பர் வளையம் போட்டுக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம்.

பின்கதவுக்கு ஒரே விதி. ட்ரெய்லர் மாட்டியிருந்தால் அது திறக்காது. மாட்டும்போதே ட்ரெய்லரிலிருந்து வரும் பாதுகாப்புச் சங்கிலியின் பூட்டுச் சாவியைத்தான் பின்கதவுத் தாழ்ப்பாளுக்கும் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒரே சாவி; ஒன்றைத் திறந்தால்தான் இன்னொன்று. இது அண்ணன் மகனின் யோசனை. அமெரிக்கக் கதவைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

ட்ரெய்லர் இல்லாத நாட்களில் பின்கதவைத் திறக்கிறார்கள். அதன் சங்கிலி இப்போது கதவின் வெளிவிளிம்பில் இருக்கிறது, பாதியில் இல்லை. இரண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவு கண்ணி. எண்ணிக்கை தெரிய ஒவ்வொரு சங்கிலியிலும் கடைசிக் கண்ணிக்குச் சிவப்புப் பெயின்ட். கொக்கி வாய் மூடும் வகை, பத்து மில்லிமீட்டர் கம்பி.

கால் உடைந்த தம்பி நாலு மாதம் ஊரில் இருந்துவிட்டுத் தை பிறந்ததும் திரும்பி வந்தான். மருத்துவச் செலவும் அந்த மாதங்களின் சம்பளமும் அண்ணன் கொடுத்தார். கனம் தூக்கக் கூடாது என்பதால் லைட் போர்டு வேலைக்கு மாறியிருக்கிறான். மூக்கு எடை பார்க்கும் மெஷின் இப்போது அவன் பொறுப்பில். வண்டி கிளம்பும் முன் எண்ணைப் படித்து, குடோன் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறான். 98, 104, 101 என்று வரிசையாக இருக்கிறது. 90க்குக் கீழே போனால் டிரம்மை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போடுகிறான்.

போன வாரம் வெர்னியர் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவுக் கொக்கிகளை அளந்தேன். வலது 9.8 மில்லிமீட்டர். இடது 9.6. இடது பக்கம் ஏன் கூடுதலாகத் தேய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆடிக்குள் இரண்டையும் மாற்றிவிடுவேன்.